உடல் போனது, பெயர் நின்றது: சீரியல் போர்ட்டின் வாழ்க்கை

தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் 'கம்ப்யூட்டர் எடைமேடை' என்ற பலகையைப் பார்க்காமல் நெடுந்தூரம் போக முடியாது. லாரி மேடைமேல் ஏறி நிற்கிறது. மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் பாரத்தை மின்னழுத்தமாக்கி அனுப்ப, அறைக்குள் இருக்கும் இண்டிகேட்டர் பெட்டி அதைக் கிலோவாக்கிச் சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. பக்கத்தில் ஒரு விண்டோஸ் கணினி. அதன் திரையிலும் அதே எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே ஓடுவது ஒரு மெல்லிய வயர். அதில் அந்த எண் ஒரு பிட்டுக்குப் பின் ஒரு பிட்டாக, வரிசை கலையாமல் வருகிறது. வந்து சேரும் வாசல்தான் சீரியல் போர்ட். அதற்கு விண்டோஸில் காம் 1 என்றோ காம் 3 என்றோ பெயர்.

இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது 1981இல். பிட் வரும் முறையோ அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. கணினி என்ற ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில், தந்திக்காகப் பிறந்தது அது.

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போடோ 1874இல் காப்புரிமை பெற்ற முறையில் ஓர் எழுத்துக்கு ஐந்து பிட். 'பாட்' என்று இன்றும் வேகத்தைச் சொல்கிறோமே, அது இவர் பெயர்தான். இவர் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. இரு முனையிலும் உள்ள இயந்திரங்கள் இடைவிடாமல் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் செய்தி முழுக்கக் குழம்பிவிடும். இதற்கு விடை கண்டது சிகாகோவில் ஓர் அப்பாவும் மகனும்: சார்லஸ் கிரம், ஹோவர்ட் கிரம். பணம் போட்டவர் ஜாய் மார்ட்டன் என்ற உப்பு வியாபாரி. மார்ட்டன், கிரம் என்ற இரு பெயரையும் ஒட்டி நிறுவனத்துக்கு 'மார்கிரம்' என்று பெயர் வைத்தார்கள். 1910களில் ஹோவர்ட் கிரம் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'இதோ வருகிறது' என்று ஒரு தொடக்க பிட், பின்னால் 'முடிந்தது' என்று ஒரு நிறுத்த பிட். இரண்டு கடிகாரங்களும் நாள் முழுக்க ஒத்துப்போகத் தேவையில்லை. ஓர் எழுத்து வந்து முடியும்வரை ஒத்துப்போனால் போதும், அடுத்த எழுத்துக்குப் புதுக் கணக்கு.

எடைமேடை வயரில் இன்று ஓடுவதும் இந்த ஏற்பாடுதான், மாற்றமே இல்லை. எதுவும் வராமல் சும்மா இருக்கும்போது கம்பி 1 என்ற நிலையில் நிற்பதுகூடத் தந்தியின் மிச்சம். அந்தக் காலத்தில் செய்தி இல்லாத வேளையிலும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்காவது கம்பி அறுந்தால் மின்சாரம் நின்று, செய்தியை அச்சடிக்கும் டெலிபிரிண்டர் காரணமில்லாமல் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அறுந்தது உடனே தெரிந்துவிடும்.

1960இல் அமெரிக்காவின் மின்னணுத் தொழில் சங்கம் இதற்கு ஓர் உடம்பு கொடுத்தது: ஆர்எஸ்-232. டெலிபிரிண்டரை மோடத்தோடு சேர்க்கும் வயரில் எந்த பின்னில் என்ன வர வேண்டும், எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். மைனஸ் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் 1, பிளஸ் 3க்கு மேலே போனால் 0. நடுவில் இருப்பது இரண்டும் இல்லை. 1969இல் வந்த சி பதிப்புதான் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. பரவிய பிறகு, வரையறையில் சொல்லாத வேலைக்கெல்லாம் அதை எடுத்துக்கொண்டார்கள். அச்சு இயந்திரம், தராசு, மருத்துவமனைக் கருவி, தொழிற்சாலை எந்திரம் என்று எது கிடைத்தாலும் அதில் ஓர் ஆர்எஸ்-232 சாக்கெட். டெலிபிரிண்டருக்கும் மோடத்துக்கும் வெட்டிய சட்டையை ஊரே போட்டுக்கொண்டதால்தான், எந்த வயரில் அனுப்பவும் வாங்கவும் உள்ள இரண்டாவது, மூன்றாவது பின்களை மாற்றிப் போடுவது என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை.

ஒரு கணக்கை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1963இல் வந்த மாடல் 33 டெலிடைப் என்ற டெலிபிரிண்டர் 110 பாட் வேகத்தில் ஓடியது. ஓர் எழுத்துக்குப் பதினோரு பிட், ஆக வினாடிக்குப் பத்து எழுத்து. இன்று பரவலாக வைக்கும் வேகம் 9600. தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, நிறுத்த பிட் ஒன்று, ஆகப் பத்து. வினாடிக்கு 960 பைட். வேகம், தரவு பிட், பிழை காண உதவும் பாரிட்டி பிட், நிறுத்த பிட் ஆகிய நான்கு விவரத்தையும் இரு முனையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். யூஎஸ்பி மாதிரி செருகியவுடன் 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் இதற்குக் கிடையாது. வேகத்தைத் தப்பாக வைத்தால் பிழைச் செய்தி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் குப்பை எழுத்துகள்தான் வரும்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12 அன்று வந்தது. அதற்கான சீரியல் அட்டையில் நேஷனல் செமிகண்டக்டரின் 8250 என்ற சில்லு. அட்டையில் இருந்த படிகத்தின் அதிர்வு 1.8432 மெகாஹெர்ட்ஸ். அதைப் பதினாறால் வகுத்தால் 1,15,200. சீரியல் புரோகிராம்களின் வேகப் பட்டியலில் 115200 என்ற விநோத எண் எதற்காக நிற்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதுதான். முதல் போர்ட்டின் முகவரி பதினாறடிமான எண்ணில் 3எஃப்8, இரண்டாவதுக்கு 2எஃப்8. அட்டையில் இருந்தது 25 பின் சாக்கெட். 1984இல் ஐபிஎம் பிசி ஏடி கணினி வந்தபோது அது ஒன்பது பின்னாகச் சுருங்கியது. பழைய கணினிகளின் முதுகில் நாம் பார்த்த உருவம் அது.

அதே 1981இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் வந்தது. ஏடி என்று இரண்டு எழுத்தில் தொடங்கும் கட்டளைகளை சீரியல் வயரில் அனுப்பினால் அது தானாகவே தொலைபேசி எண்ணைச் சுழற்றும். 1995 ஆகஸ்ட் 15இல் விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, அன்றைய மெட்ராஸ் வீடுகளுக்குள் அது நுழைந்தது டயல்-அப் மோடம் வழியாக. பெட்டியாக வெளியே வைத்த மோடம் என்றால் வயர் போய்ச் சேர்ந்த இடம் காம் போர்ட். டயல்-அப் போய்விட்டது. ஏடி கட்டளைகள் போகவில்லை. இன்றைய 4ஜி மாடியூல் ஒன்றை விண்டோஸ் கணினியில் செருகிப் பாருங்கள். அது ஒரு காம் போர்ட்டாகத் தெரியும், ஏடி என்று அனுப்பினால் ஓகே என்று பதில் சொல்லும்.

டாஸ் காலத்தில் புரோகிராம் எழுதியவர்கள் இயங்குதளத்தைச் சட்டை செய்யாமல் நேரே சில்லோடு பேசினார்கள். ஒரே நேரத்தில் ஒரே புரோகிராம் ஓடியதால் அது முடிந்தது. விண்டோஸ் வந்ததும் நிலைமை மாறியது. 8250 சில்லு வந்த பைட்டில் ஒன்றே ஒன்றைத்தான் கையில் வைத்திருக்கும். 9600 வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடிக்குள் யாராவது அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த பைட் வந்து அதை அழித்துவிடும். பல வேலைகளுக்கு நடுவே ஓடும் விண்டோஸ் 3.1 வேகமான மோடங்களின் பைட்டுகளைத் தவறவிட்டது. பதினாறு பைட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் 16550ஏ சில்லுதான் மானம் காத்தது.

1993இல் வந்த விண்டோஸ் என்டி புரோகிராமை சில்லின் பக்கமே விடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழைய யுக்தியைக் கையிலெடுத்தது: சீரியல் போர்ட்டும் ஒரு கோப்பு. கிரியேட்ஃபைல் என்று கோப்பைத் திறக்கிற அழைப்பாலேயே போர்ட்டையும் திற, ரீட்ஃபைலால் படி, ரைட்ஃபைலால் எழுது, வேலை முடிந்தால் மூடு. இன்றைய விண்டோஸ் 11 வரைக்கும் இதுதான் வழி. டாட்நெட்டின் சீரியல்போர்ட் வகுப்பும் பைத்தானின் பைசீரியலும் கடைசியில் போய் நிற்பது இந்த அழைப்புகளிடம்தான்.

கோப்பு என்று சொல்லிவிட்டார்களே தவிர, அது கோப்பு மாதிரி நடந்துகொள்ளாது. இதை நம்பி ஏமாந்த புரோகிராம்கள் அநேகம். முதலாவது, ஒரு போர்ட்டை ஒருவர்தான் திறக்கலாம். இன்னொரு புரோகிராம் திறக்கப் போனால் அனுமதி மறுப்பு. காம் 9 வரை பெயரைச் சொன்னால் திறக்கும். காம் 10 என்று போனால் பெயருக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு புள்ளி, மறுபடி ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். டாஸ் காலத்துப் பெயர்களில் ஒற்றை இலக்கம் வரைக்கும்தான் தனி மரியாதை. வேகம், பாரிட்டி முதலானவற்றை டிசிபி என்ற அமைப்பில் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உங்களுக்கு முன் அந்தப் போர்ட்டைப் பயன்படுத்தியவர் விட்டுப்போன அமைப்பே இருக்கும். நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை என்ற புகாரில் பாதிக்கு வேர் இங்கே இருக்கும் என்பது என் கணிப்பு.

எழுதுவதிலும் ஒரு மயக்கம் உண்டு. ரைட்ஃபைல் வெற்றி என்று திரும்பினால் பைட்டுகள் நம் கையை விட்டுப் போயின என்றுதான் பொருள். மறுமுனை வாங்கிக்கொண்டதா, மறுமுனை என்று ஒன்று இருக்கிறதா என்பதே அதற்குத் தெரியாது. வயரைப் பிடுங்கிவிட்டு அனுப்பினாலும் வெற்றிதான். நேர்மாறான சங்கடமும் இருக்கிறது. மூன்றே கம்பி உள்ள வயரை மாட்டிவிட்டு, ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்ற கைகாட்டும் முறையை டிசிபியில் போட்டுவிட்டால், 'அனுப்பலாம்' என்ற சைகை வரவே வராது. காலக்கெடு வைக்காத ரைட்ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

படிப்பதில்தான் பெரிய வம்பு. கோப்புக்கு முடிவு உண்டு. சீரியல் போர்ட்டுக்கு முடிவும் கிடையாது, வரி என்ற நினைப்பும் கிடையாது. பைட் வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். அல்லது வராது. நூறு பைட் கொடு என்று ரீட்ஃபைலிடம் கேட்டு, காலக்கெடுக்களை எல்லாம் பூஜ்யமாக வைத்தால் நூறும் வந்து சேரும்வரை அது திரும்பாது. இதற்காகவே ஐந்து எண்கள் கொண்ட காலக்கெடு அமைப்பு ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு பைட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி பொறுக்கலாம் என்ற எண்ணுக்கு அதிகபட்ச மதிப்பையும் படிப்பதற்கான மற்ற இரண்டுக்கும் பூஜ்யத்தையும் வைத்தால் ஒரு சலுகை: இருப்பதைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பிவிடும். இந்தச் சேர்க்கையை ஆவணத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஊகித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

எடைமேடைக்கே வருவோம். இண்டிகேட்டர் பெரும்பாலும் கேட்காமலே எடையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கணினிப் புரோகிராம் போர்ட்டைத் திறக்கும் நொடியில் ஒரு செய்தியின் நடுப்பகுதி வந்துகொண்டிருக்கலாம். மேடையில் நிற்பது 12,340 கிலோ. முதல் படிப்பில் கைக்குக் கிடைப்பது 2340. புரோகிராம் எழுதியவர் 'ஒரு படிப்பு என்றால் ஒரு செய்தி' என்று நினைத்துவிட்டால், பத்து டன் ரசீதில் காணாமல் போகும். சரியான வழியில் புரட்சி ஒன்றும் இல்லை. வருவதை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், செய்தியின் தொடக்கக் குறியையும் முடிவுக் குறியையும் தேட வேண்டும், இரண்டும் அகப்பட்ட பிறகே நடுவில் இருப்பதை எண்ணாக்க வேண்டும். அதிலும் எடை நிலைத்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்ற குறியை இண்டிகேட்டர் அனுப்பினால் அதையும் பார்க்க வேண்டும். செய்தியின் வடிவம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு. சில இண்டிகேட்டர்கள் எண்ணைப் பின்னிருந்து முன்னாகக்கூட அனுப்பும், ஒன்றாம் இலக்கம் முதலில். கையேட்டைப் படிக்காமல் கைவைத்தால் 12,340 கிலோ 4,321 ஆகத் தெரியும். இது லாரிக்காரரின் பணம், விவசாயியின் கரும்பு. விளையாட்டுக் கணக்கு இல்லை.

டாட்நெட்டில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. சீரியல்போர்ட் வகுப்பு எதுவும் சொல்லாவிட்டால் வருவதை ஆஸ்கி எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 127க்கு மேற்பட்ட பைட் ஒவ்வொன்றும் கேள்விக்குறியாக மாறும். தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் போன்ற இருமத் தரவைச் சரம் என்று எண்ணிப் படித்தவர்கள் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகளைப் பார்த்துவிட்டு வயரைக் குறைசொல்வார்கள். வயர் பாவம். பைட்டாகப் படித்திருந்தால் எல்லாம் சரியாகவே வந்திருக்கும்.

விண்டோஸே இந்தப் போர்ட்டிடம் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் மவுஸும் சீரியல் போர்ட்டில்தான் வந்தது. ஆகவே போர்ட்டில் மவுஸ் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று விண்டோஸ் காதுகொடுத்துப் பார்க்கும் பழக்கம் நீண்ட காலம் நீடித்தது. ஜிபிஎஸ் கருவி 4800 பாட் வேகத்தில் ஓயாமல் தன் இருப்பிடத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். அதை மாட்டியபடியே கணினியைத் தொடங்கினால், விண்டோஸ் அந்தப் பைட்டுகளை மவுஸின் அசைவாக எடுத்துக்கொள்ளும். அம்புக்குறி திரை முழுக்கத் துள்ளும், கண்ட இடத்தில் கிளிக் ஆகும். டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயிண்ட்' என்று இல்லாத மவுஸ் ஒன்று பட்டியலில் இருக்கும். அதை முடக்கினால்தான் நிம்மதி. படகுகளில் மடிக்கணினியும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக்கொண்டவர்கள் இதில் நிறையவே பட்டிருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லத் தெரியாத ஒன்றோடு பழகினால் இப்படித்தான்.

1996இல் யூஎஸ்பி வந்தது. 1998இல் ஆப்பிளின் ஐமேக் பழைய சீரியல் சாக்கெட்டே இல்லாமல் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் விண்டோஸ் மடிக்கணினிகளிலிருந்தும் ஒன்பது பின் சாக்கெட் மறைந்தது. 2007இல் விஸ்டா வந்தபோது, விண்டோஸ் 95 தொட்டு கூடவே வந்துகொண்டிருந்த ஹைப்பர்டெர்மினல் என்ற சீரியல் முனைய மென்பொருளையும் காணோம். உடம்பு போயிற்று. கருவிகள் போகவில்லை. பல லட்ச ரூபாய் எந்திரத்தை ஒரு சாக்கெட் இல்லை என்பதற்காக யார் தூக்கி எறிவார்கள்?

அந்த இடைவெளியை நிரப்பியது யூஎஸ்பி-சீரியல் மாற்றி. ஸ்காட்லாந்தின் எஃப்டிடிஐ, தைவானின் புரொலிஃபிக், சீனாவின் சிஎச்340 சில்லுகள் என்று ஒரு சந்தையே உருவானது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் பழைய ஒன்பது பின். டிரைவர் விண்டோஸிடம் 'இது காம் 5' என்று சொல்லும், கிரியேட்ஃபைலும் ரீட்ஃபைலும் எதுவும் நடக்காததுபோல வேலை செய்யும். ஏறக்குறைய. எஃப்டிடிஐ டிரைவர் கொஞ்சமாக வரும் பைட்டுகளை இயல்பாகப் பதினாறு மில்லிவினாடி வரை வைத்திருந்து அனுப்பும், கேள்வியும் பதிலுமாகப் பேசும் கருவிகள் அதனால் மந்தமாகும். அந்த எண்ணை டிவைஸ் மேனேஜரில் குறைக்கலாம். தனக்கென்று தொடர் எண் இல்லாத மாற்றியைப் பிடுங்கி வேறு யூஎஸ்பி ஓட்டையில் செருகினால் காம் 5 காம் 6 ஆகிவிடும், காம் 5ஐ நம்பிய புரோகிராம் திகைத்து நிற்கும்.

2014இல் எஃப்டிடிஐ ஒரு காரியம் செய்தது. தன் சில்லைப் போலியாகச் செய்து விற்றவர்களைத் தண்டிக்க, விண்டோஸ் அப்டேட் வழியாகப் புது டிரைவரை அனுப்பியது. அது போலிச் சில்லைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றி எழுதிவிடும். அதன்பின் எந்தக் கணினியும் அதை அடையாளம் காணாது. எதிர்ப்பு கிளம்பியதும் டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. போலியைச் செய்தவனுக்கு இதனால் ஒரு காசு நஷ்டமில்லை. எங்கோ ஒரு கருவிக்குள் இருக்கும் சில்லு அசலா போலியா என்று அறியாத பயனர்தான் அடிபட்டார். அந்த நிறுவனத்தின் கோபம் நியாயமானது, வழி நியாயமானதல்ல.

மாற்றிகள் மலிந்த இந்தக் காலத்தில்தான் சீரியல் போர்ட்டுக்கு மறுபடி இளமை வந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் ஆர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டு பிறந்தது. இன்று பொறியியல் கல்லூரி மாணவர் தன் முதல் சென்சார் அளவைக் கணினியில் பார்ப்பது சீரியல் மானிட்டரில், 9600 பாட்டில். அதில் ஒரு வேடிக்கை: போர்ட்டைத் திறந்தால் ஆர்டுயினோவின் உனோ போர்டு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். காரணம் டிடிஆர் என்ற கம்பி. 'முனையம் தயார்' என்று மோடத்துக்குச் சொல்லப் பிறந்தது அது. கணினி அதை இறக்கினால் மோடம் தொலைபேசியைத் துண்டிக்கும். தொலைபேசியே இல்லாத ஆர்டுயினோவில் அந்தக் கம்பிக்குப் புது உத்தியோகம், சில்லை ரீசெட் செய்வது. இது தெரியாமல் போர்ட்டைத் திறந்த மறுகணமே கட்டளை அனுப்புகிறவர்களின் முதல் கட்டளை காற்றில் போகும். திறந்தபின் ஓரிரு வினாடி பொறுத்து அனுப்பினால் போதும்.

புதிதாக ஒரு கருவியை விண்டோஸோடு இணைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை. நேரே புரோகிராம் எழுத உட்காராதீர்கள். முதலில் புட்டி, டெரா டெர்ம் போன்ற முனைய மென்பொருள் ஒன்றை வைத்துப் போர்ட்டைத் திறந்து, கருவி உண்மையில் என்ன அனுப்புகிறது என்று சும்மா பாருங்கள். இருமத் தரவு என்றால் பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை ஒரு கோப்பில் பதிந்து வையுங்கள். பிறகு எழுதும் புரோகிராமும் வந்த பைட்டை எல்லாம் அப்படியே ஒரு பதிவுக் கோப்பில் போடட்டும். ஆறு மாதம் கழித்து எடை தப்பு என்று ஒருவர் வந்து நின்றால், தப்பு இண்டிகேட்டரிலா வயரிலா புரோகிராமிலா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கோப்புதான்.

இந்தப் போர்ட் ஓய்வுபெறும் என்று காத்திருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகத்தில் ஓடும் விண்டோஸ் சர்வர் ஒன்றுக்கு வலைத்தொடர்பு அறுந்துபோனால், உள்ளே போக அவர்கள் வைத்திருக்கும் வழிக்குப் பெயர் சீரியல் கன்சோல். அந்த மெய்நிகர் கணினிக்குச் சாக்கெட் கிடையாது, வயர் கிடையாது, சில்லும் கிடையாது. ஆனாலும் சீரியல் கன்சோல் போய்ச் சேரும் இடம் காம் 1.